காலநிலை அறிக்கை ஆய்வில் புதிய உமிழ்வுக் கணக்கைக் கையாள்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் ஒரு நாடு தன் உமிழ்வையும் இலக்கில் கண்ட முன்னேற்றத்தையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தெரிவிப்பது ஈராண்டு வெளிப்படைத்தன்மை அறிக்கை. அது ஆய்வு செய்யும் வல்லுநர் குழுவின் கைக்கு வந்து சேரும் நேரத்தில், அதிலுள்ள உமிழ்வு எண்கள் பல சமயம் பழையவையாகி இருக்கும். இதில் யாருடைய தவறும் இல்லை. நாட்காட்டியே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

பாரிஸ் ஒப்பந்தத்தின் 13-ஆம் பிரிவுக்கான விதிமுறைகள் 2018-இல் போலந்தின் கட்டோவிட்சேயில் நடந்த மாநாட்டில் முடிவாயின. அவற்றின்படி உமிழ்வுக் கணக்கெடுப்பின் கடைசி ஆண்டு, சமர்ப்பிக்கும் ஆண்டுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பின்தங்கக் கூடாது. திறன் குறைவால் நெகிழ்வு, அதாவது விதித் தளர்வு, தேவைப்படும் வளரும் நாடுகளுக்கு இது மூன்று ஆண்டுகள். முதல் ஈராண்டு அறிக்கைக்கு 2024 டிசம்பர் 31 கெடு. ஆக அதில் 2022 வரையாவது கணக்கு இருக்க வேண்டும், நெகிழ்வைப் பயன்படுத்தினால் 2021 வரை. வளர்ந்த நாடுகள் இதைத் தவிர, ஈராண்டு அறிக்கை வராத ஆண்டுகளில் ஏப்ரல் 15-க்குள் தனிக் கணக்கெடுப்பு அறிக்கை அனுப்புகின்றன. டிசம்பரில் ஈராண்டு அறிக்கை வந்து, ஏப்ரலில் அடுத்த கணக்கெடுப்பும் வந்து, அதன் பிறகு ஆய்வு வாரம் அமைந்தால், குழுவின் முன்னால் ஒரே நாட்டுக்கு இரண்டு எண் தொகுப்புகள் இருக்கும். இரண்டிலும் 1990-இன் உமிழ்வுகூட வேறு வேறாக இருக்கலாம்.

எதை எடுப்பது என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. நாட்டின் இன்றைய நிலையை விவரிக்கப் புதிய சமர்ப்பிப்பை எடுங்கள். அறிக்கை விதிகளுக்கு உட்பட்டிருக்கிறதா என்று மதிப்பிட, அந்த அறிக்கையில் உள்ள எண்களையே எடுங்கள். இந்த இரண்டு வேலைகளையும் குழப்பிக்கொள்வதுதான் ஆய்வு அறிக்கைகளில் வரும் எண் தகராறுகள் பலவற்றுக்குக் காரணம்.

படி 1: கோப்புகளைத் தேதி வரிசையில் அடுக்குதல்

எந்த எண்ணையும் தொடுவதற்கு முன் ஒரு சிறிய அட்டவணை போடுங்கள். அதில் நான்கு பத்திகள் போதும்: கோப்பின் பெயர், சமர்ப்பித்த தேதி, பதிப்பு எண், கடைசிக் கணக்கு ஆண்டு. ஈராண்டு அறிக்கையின் உரை, அதனுடன் வரும் பொது அட்டவணை வடிவங்கள், சி.ஆர்.டி. எனப்படும் பொது அறிக்கை அட்டவணைகள், தேசியக் கணக்கெடுப்பு ஆவணம் ஆகிய நான்குக்கும் தனித்தனி வரி வேண்டும். சி.ஆர்.டி. தாள் ஒவ்வொன்றின் மேல்மூலையிலும் கணக்கு ஆண்டு, சமர்ப்பிப்பு ஆண்டு, பதிப்பு, நாட்டின் பெயர் இருக்கும். கோப்பின் பெயரை நம்பாமல் அந்த மூலையைப் பாருங்கள். பதிவிறக்கும்போதும் மின்னஞ்சலில் அனுப்பும்போதும் கோப்புப் பெயர்கள் மாறிவிடுகின்றன.

சமர்ப்பிப்பு ஆண்டும் கணக்கு ஆண்டும் வெவ்வேறு என்பதை மறக்க வேண்டாம். "2025 கணக்கெடுப்பு" என்று ஒருவர் எழுதினால், அது 2025-இல் அனுப்பியதா, 2025-இன் உமிழ்வா என்று படிப்பவருக்குத் தெரியாது. "2025 சமர்ப்பிப்பு, பதிப்பு 1, 1990 முதல் 2023 வரை" என்று முழுதாக எழுதுவதே பாதுகாப்பு.

ஒரே ஆண்டில் நாடு மறுசமர்ப்பிப்பு செய்திருக்கலாம். சில நேரம் அட்டவணை மட்டும் புதிதாக வந்திருக்கும், ஆவணம் பழையதாகவே நிற்கும். அப்போது அட்டவணையில் உள்ள மொத்தமும் ஆவணத்தின் சுருக்கத்தில் உள்ள மொத்தமும் பொருந்தாது. இது கணக்குப் பிழையா பதிப்புக் குழப்பமா என்பது தேதிகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

படி 2: அறிக்கை அனுப்பிய நாளில் எது புதியது?

கணக்கெடுப்பைத் தனி அறிக்கையாகச் சமர்ப்பிக்கும் நாடு, ஈராண்டு அறிக்கையில் உமிழ்வுச் சுருக்கம் ஒன்றும் தர வேண்டும். அந்தச் சுருக்கம் நாட்டின் மிக அண்மைய கணக்கெடுப்பு அறிக்கையின் ஆண்டுகளை ஒட்டியிருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. இது என்.டி.சி. எனப்படும், நாடு தானே அறிவித்த காலநிலை இலக்கின் முன்னேற்றத்துக்கான பொது அட்டவணைகளில் 6-ஆம் அட்டவணை. சி.ஆர்.டி.யின் 10-ஆம் அட்டவணையோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டியது இதைத்தான்.

இங்கே "மிக அண்மைய" என்பதை, ஈராண்டு அறிக்கை சமர்ப்பித்த நாளை வைத்தே பார்க்க வேண்டும். அன்றைக்கு இருந்த புதிய கணக்கெடுப்போடு 6-ஆம் அட்டவணை பொருந்தினால் நாடு தன் கடமையைச் செய்துவிட்டது. நான்கு மாதம் கழித்து வந்த கணக்கெடுப்போடு பொருந்தவில்லை என்பதைக் குறையாக எழுதக் கூடாது. மாறாக, அன்றைக்கே புதிய பதிப்பு வெளியாகியிருந்தும் அறிக்கை பழைய பதிப்பின் எண்களைத் தந்திருந்தால் அது நிச்சயம் கேட்க வேண்டிய விஷயம். ஆய்வாளர் இந்த ஒரு தேதிச் சோதனையைச் செய்யாமல் கேள்வி அனுப்பினால், நாட்டின் குழு ஒரு வாரத்தைத் தேவையில்லாத விளக்கத்தில் செலவழிக்கும். சிறிய அலுவலகங்களில் இரண்டு மூன்று பேர்தான் இந்த வேலை முழுவதையும் சுமக்கிறார்கள். அவர்களுடைய நேரத்துக்கு மதிப்புக் கொடுப்பதும் ஆய்வாளரின் கடமை.

படி 3: ஒப்பிடும் மொத்தங்கள் ஒரே மாதிரியானவையா?

இரண்டு பதிப்புகளின் மொத்தம் வேறுபட்டால், உமிழ்வு உண்மையில் திருத்தப்பட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது நிலத்துறை, அதாவது நிலப்பயன்பாடு, அதன் மாற்றம், காடு ஆகியவை சேர்ந்த மொத்தமா, சேராத மொத்தமா என்பது. அடுத்து, மறைமுகக் கார்பன் டை ஆக்சைடு, அதாவது வேறு வாயுக்கள் காற்றில் மாறி உருவாவது, சேர்ந்திருக்கிறதா என்பது. சர்வதேச விமானம், கப்பல் எரிபொருளும் உயிர்த்திரள் எரிப்பின் கார்பன் டை ஆக்சைடும் குறிப்பு வரிகளாக மட்டும் வரும், தேசிய மொத்தத்தில் சேராது. யாராவது கையால் கூட்டியிருந்தால் இவை உள்ளே நுழைந்திருக்கும்.

நிலப்பரப்பும் மாறலாம். டென்மார்க்கின் கணக்கு கிரீன்லாந்தும் ஃபரோ தீவுகளும் சேர்ந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து வேறுபடும். பிரான்ஸின் கடல்கடந்த பகுதிகளுக்கும் இதே கேள்வி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணில் 27 நாடுகளா, பிரிட்டனும் சேர்ந்த பழைய தொகுப்பா என்று பார்க்காமல் காலத்தொடரை நீட்டக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது புவி வெப்பமாக்கும் திறன் மதிப்புகள், அதாவது ஒவ்வொரு வாயுவையும் கார்பன் டை ஆக்சைடு சமானமாக மாற்றப் பெருக்கும் எண்கள். இப்போதைய விதிப்படி, ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஐந்தாம் மதிப்பீட்டு அறிக்கையின் 100 ஆண்டு மதிப்புகளைப் பயன்படுத்த வேண்டும்: மீத்தேனுக்கு 28, நைட்ரஸ் ஆக்சைடுக்கு 265. அதே அட்டவணையில் புதைபடிவ மீத்தேனுக்குத் தனியாக ஒரு மதிப்பு உண்டு, அதைப் பயன்படுத்தக் கூடாது. நான்காம் அறிக்கையில் இவை 25, 298. இரண்டாம் அறிக்கையில் 21, 310. வளர்ந்த நாடுகளின் பழைய ஈராண்டு அறிக்கைகள் பெரும்பாலும் நான்காம் அறிக்கையின் மதிப்புகளில் இருக்கும். வளரும் நாடுகளின் பழைய அறிக்கைகளில் இரண்டாம் அறிக்கையின் மதிப்புகளையும் காணலாம்.

இதன் அளவு சிறியதல்ல. ஒரு நாடு 400 கிலோ டன் மீத்தேனும் 20 கிலோ டன் நைட்ரஸ் ஆக்சைடும் வெளியிடுவதாக வைத்துக்கொள்வோம். நான்காம் அறிக்கையின்படி 10,000 உடன் 5,960 சேர்ந்து 15,960 கிலோ டன் கார்பன் டை ஆக்சைடு சமானம். ஐந்தாம் அறிக்கையின்படி 11,200 உடன் 5,300 சேர்ந்து 16,500. ஒரு துளி வாயுவும் கூடாமல் கணக்கு 3.4% ஏறிவிட்டது. கால்நடையும் நெல் வயலும் மிகுந்த நாடுகளில் இது இன்னும் பெரிதாகத் தெரியும். எனவே ஐயம் வந்தால் சமான எண்களை விட்டுவிட்டு, ஒவ்வொரு வாயுவையும் அதன் சொந்த எடையில் ஒப்பிடுங்கள். அங்கே வேறுபாடு இல்லையென்றால் மாறியது பெருக்கும் எண் மட்டுமே.

அலகையும் ஒரு முறை பாருங்கள். ஒரு கிகா கிராம் என்பது ஒரு கிலோ டன்தான். ஆனால் உரையில் மில்லியன் டன்னும் அட்டவணையில் கிலோ டன்னும் கலந்து வரும்போது மூன்று பூஜ்யம் காணாமல் போவது அரிதல்ல.

படி 4: மறுகணக்கீட்டைப் படித்தல்

மேற்சொன்னவை எல்லாம் பொருந்தியும் எண் வேறுபட்டால் அது மறுகணக்கீடு, அதாவது முன்பு தந்த ஆண்டுகளின் உமிழ்வை நாடே திருத்திக் கணக்கிட்டது. சி.ஆர்.டி.யின் 8-ஆம் அட்டவணை முந்தைய சமர்ப்பிப்பின் எண், புதிய எண், வேறுபாடு, விழுக்காடு ஆகியவற்றை வகை வாரியாகத் தருகிறது. தேசியக் கணக்கெடுப்பு ஆவணம் அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.

காரணங்கள் நான்கைந்து வகைக்குள் அடங்கிவிடும். எரிசக்திப் புள்ளிவிவரத் துறை தன் எரிபொருள் சமநிலைக் கணக்கைத் திருத்தியிருக்கும். அண்மைய ஓரிரு ஆண்டுகளுக்குத் தற்காலிக எண்கள் இருந்து, இறுதி எண்கள் வந்திருக்கும். பொதுவான உமிழ்வுக் காரணிக்கு (ஓர் அலகு எரிபொருளுக்கோ செயலுக்கோ எவ்வளவு உமிழ்வு என்ற எண்ணுக்கு) பதிலாக நாட்டுக்கே உரிய காரணி வந்திருக்கும். முன்பு "மதிப்பிடப்படவில்லை" என்ற குறியீட்டோடு விட்ட வகைக்கு இப்போது எண் கிடைத்திருக்கும். கடைசியாகச் சொன்னதில் மொத்தம் உயரும், ஆனால் உண்மை உமிழ்வு உயரவில்லை, கணக்கு நிறைவடைந்திருக்கிறது. இதை "உமிழ்வு அதிகரித்தது" என்று எழுதிவிட்டால், நேர்மையாகக் கணக்கை நிரப்பிய நாட்டைத் தண்டிப்பது போலாகும்.

நிலத்துறையின் மறுகணக்கீடுகள் தனிக் கவனம் கேட்பவை. காடுகளின் களக் கணக்கெடுப்பு பல ஆண்டுகளுக்கு ஒருமுறை முடிகிற சுற்று. இடைப்பட்ட ஆண்டுகள் இடைமதிப்பாலும், கடைசி ஆண்டுகள் பழைய போக்கை நீட்டியும் நிரப்பப்படுகின்றன. புதிய சுற்றின் அளவீடு வந்ததும் நீட்டிய ஆண்டுகள் எல்லாம் ஒரே சமயத்தில் மாறும். வறட்சி, பூச்சி, காட்டுத்தீ காரணமாகக் காட்டின் உறிஞ்சும் அளவு குறைந்திருந்தது அப்போதுதான் கணக்கில் தெரியவரும். நிகர உமிழ்வின் போக்கே திசை மாறிவிடக்கூடும். இத்தகைய நாட்டுக்கு நிலத்துறை சேர்ந்த மொத்தம், சேராத மொத்தம் இரண்டையும் தனித்தனி வாக்கியத்தில் தருவது நல்லது.

மறுகணக்கீடு முழுக் காலத்தொடருக்கும் செய்யப்பட்டதா என்றும் சோதியுங்கள். அண்மைய ஆண்டுகளுக்கு மட்டும் புதிய காரணியைப் போட்டு 1990-ஐ அப்படியே விட்டால், போக்கில் வருவது முறை மாற்றத்தின் படிக்கட்டு. வரைபடமாகப் போட்டு, ஓர் ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் இடையில் காரணமில்லாத தாவல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஆண்டுகளுக்குத் தரவு இல்லையென்றால் ஐ.பி.சி.சி.யின் 2006 வழிகாட்டுதல்கள் மேற்பொருத்தம், மாற்றுத் தரவு, இடைமதிப்பு, போக்கு நீட்டிப்பு என்ற ஒட்டுமுறைகளைத் தருகின்றன. எதைப் பயன்படுத்தினார்கள் என்று ஆவணம் சொல்ல வேண்டும்.

மொத்தம் மாறினால் சில வரம்புகளும் நகரும். மிகச் சிறிய வகையை மதிப்பிடாமல் விட, அது நிலத்துறை சேராத தேசிய மொத்தத்தில் 0.05% அல்லது 500 கிலோ டன், இரண்டில் குறைந்ததற்குக் கீழே இருக்க வேண்டும். நெகிழ்வு பெறும் நாடுகளுக்கு 0.1% அல்லது 1,000 கிலோ டன். மொத்தம் 60,000 கிலோ டன் என்றால் வரம்பு 30. புதிய பதிப்பில் மொத்தம் 61,200 ஆனால் வரம்பு 30.6. இடையில் 30.3 கிலோ டன்னில் நிற்கும் வகை ஒரு பதிப்பில் கணக்கிட வேண்டியது, மற்றதில் விடத்தக்கது. முக்கிய வகைகளின், அதாவது சேர்ந்து மொத்தத்தில் 95% வரை வரும் பெரிய வகைகளின், பட்டியலும் இப்படித்தான்: அந்த 95% வரம்பின் ஓரத்தில் இருப்பவை உள்ளே வரும், வெளியே போகும். நெகிழ்வைப் பயன்படுத்தும் நாட்டுக்கு அந்த வரம்பு 85% வரை இறங்கலாம். கண்டறிதலை எழுதும்போது எந்தப் பதிப்பின் மொத்தத்தை வைத்துக் கணக்கிட்டீர்கள் என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள்.

படி 5: விகிதம் போடும்போது பதிப்பைக் கலக்காதீர்கள்

அதிகச் சேதம் நடக்கும் இடம் இதுதான். கற்பனை நாடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் இலக்கு, 1990-ஐவிட 40% குறைப்பு. ஈராண்டு அறிக்கையில் 1990-க்கு 80,000 கிலோ டன், 2022-க்கு 60,000. அதாவது 25.0% குறைவு. புதிய சமர்ப்பிப்பில் 1990-க்கு 82,400, 2022-க்கு 61,200, புதிதாக 2023-க்கு 59,300.

புதிய சமர்ப்பிப்புக்குள்ளேயே கணக்கிட்டால் 2022-இல் 25.7% குறைவு, 2023-இல் 28.0% குறைவு. ஆனால் ஈராண்டு அறிக்கையின் 1990-ஐயும் புதிய 2023-ஐயும் கலந்தால் 25.9% என்று வரும். இரண்டு விழுக்காட்டுப் புள்ளிகளுக்கு மேல் பிழை. ஆண்டு மாற்றத்தில் பிழை இன்னும் மோசம்: பழைய 60,000-த்திலிருந்து புதிய 59,300-க்கு 1.2% குறைவு போலத் தெரியும். உண்மையில் 61,200-இலிருந்து 59,300-க்கு 3.1% குறைவு.

எனவே எந்த விகிதத்திலும் தொகுதி, பகுதி இரண்டும் ஒரே சமர்ப்பிப்பின் ஒரே பதிப்பிலிருந்து வர வேண்டும். இதற்கு விதிவிலக்கு வேண்டாம்.

இலக்கின் அளவும் நகர்கிறதா என்று அடுத்துப் பாருங்கள். விழுக்காட்டு இலக்கு என்றால் பழைய கணக்கில் 48,000, புதிய கணக்கில் 49,440. நாடு தன் என்.டி.சி.யில் டன் அளவில் இலக்கை நிலையாக வைத்திருந்தால் அது நகராது. முன்னேற்றத்தைக் காட்டும் குறியீட்டின் ஆதார ஆண்டு மதிப்பை, கணக்கெடுப்பின் மறுகணக்கீட்டுக்கு ஏற்ப, பொருத்தமான இடத்தில் புதுப்பிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. எனவே கேட்க வேண்டிய கேள்வி தெளிவானது: அதே பொது அட்டவணைகளில் 4-ஆம் அட்டவணையில் உள்ள ஆதார மதிப்பு எந்தச் சமர்ப்பிப்பிலிருந்து எடுக்கப்பட்டது, மறுகணக்கீடு வந்தபோது அது புதுப்பிக்கப்பட்டதா? இலக்கு போதுமானதா என்று குழு கேட்கக் கூடாது, அது அதன் வேலை அல்ல. நெகிழ்வை ஏன் பயன்படுத்தினீர்கள் என்ற முடிவையும் குழு ஆராயக் கூடாது.

போக்கின் கடைசி ஆண்டு எது என்பதும் கதையை மாற்றும். 2020-இல் பெருந்தொற்றால் போக்குவரத்தும் தொழிலும் முடங்கின. அந்த ஆண்டில் முடியும் அறிக்கை பெருங்குறைப்பைக் காட்டும். 2022 அல்லது 2023 வரை வந்த புதிய தரவு அந்தத் தாழ்விலிருந்து மீண்டதைக் காட்டலாம். ஆய்வில் புதிய தரவு தேவைப்படுவதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை.

படி 6: முன்கணிப்பு கணக்கெடுப்போடு சேரும் மூட்டு

முன்கணிப்புகள் நாட்டின் மிக அண்மைய கணக்கெடுப்பு ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும். நடைமுறையில் மாதிரிக் கணக்கு ஓட்ட மாதங்கள் ஆவதால், பழைய பதிப்பின் மீது கட்டிய முன்கணிப்பு புதிய கணக்கெடுப்புக்கு அருகில் வைக்கப்படுகிறது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டு மூட்டைப் பாருங்கள். முன்கணிப்பின் தொடக்க ஆண்டு மதிப்பும் அதே ஆண்டின் கணக்கெடுப்பு மதிப்பும் பொருந்தாவிட்டால், வேறுபாட்டின் அளவை எழுதிக் காரணம் கேளுங்கள். முன்கணிப்பை நீங்களாகவே மேலே தூக்கியோ கீழே இறக்கியோ சரிசெய்ய வேண்டாம். மறுகணக்கீடு எந்தத் துறையில் வந்தது என்று தெரியாமல் செய்யும் சரிக்கட்டல் வேறொரு பிழையைத்தான் உண்டாக்கும்.

படி 7: கேள்வியும் கண்டறிதலும்

முதற்கட்டக் கேள்விகளை ஆய்வு வாரத்துக்கு முன்பே அனுப்புங்கள். கேள்வியில் அட்டவணை எண், வரி, ஆண்டு, இரண்டு மதிப்புகள், இரண்டின் சமர்ப்பிப்பு ஆண்டும் பதிப்பும் இருக்கட்டும். "எண்கள் பொருந்தவில்லை, விளக்கவும்" என்று அனுப்பினால் பதிலும் அவ்வளவு பொதுவாகவே வரும்.

வெளித் தரவுத்தளங்களின் எண்களைக் கேள்வி எழுப்பப் பயன்படுத்தலாம், அறிக்கையில் நாட்டின் எண்ணுக்குப் பதிலாக வைக்கக் கூடாது. ஐ.நா. காலநிலைச் செயலகத்தின் இணையத் தரவுத்தளத்தில் இருப்பதும் முந்தைய பதிப்பாக இருக்கலாம் என்பதால், கடைசிச் சரிபார்ப்பை நாடு சமர்ப்பித்த அட்டவணைக் கோப்பிலேயே செய்யுங்கள்.

கட்டாய விதி மீறப்பட்டிருந்தால் பரிந்துரை, கட்டாயமற்றதில் குறை இருந்தால் ஊக்குவிப்பு. புதிய தரவு பின்னர் வந்ததால் மட்டும் எழுந்த வேறுபாடு இந்த இரண்டிலும் சேராது. அதைத் தகவலாக உரையில் குறித்தால் போதும்.

படி 8: எழுதும் வாக்கியமும் நிறுத்தும் நாளும்

உமிழ்வுப் போக்கைச் சொல்லும் பகுதியின் முதல் எண்ணுக்கே அடிக்குறிப்பு வேண்டும். இப்படி எழுதலாம்: "இப்பகுதியின் உமிழ்வுத் தரவு நாட்டின் 2025 சமர்ப்பிப்பு, பதிப்பு 1-ஐ அடிப்படையாகக் கொண்டது. அது இன்னும் ஆய்வுக்கு உட்படுத்தப்படவில்லை. பிற பகுதிகளின் தரவு, வேறு குறிப்பு இல்லாத இடங்களில், ஈராண்டு அறிக்கையின் அட்டவணைகளிலிருந்து எடுக்கப்பட்டது." ஆய்வுக்கு உட்படாதது என்பதை வெளிப்படையாகச் சொல்வது முக்கியம். புதியது என்பதாலேயே அது சோதிக்கப்பட்டது ஆகிவிடாது.

குழு தன் தரவுக்கு ஒரு நிறுத்த நாளைத் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும். ஆய்வு வாரத்தின் முதல் நாள் இதற்கு வசதியானது. அதற்குப் பின் புதிய சமர்ப்பிப்பு வந்தால் எண்களை மாற்றத் தொடங்காதீர்கள். ஒரு பத்தியில் மாற்றி அடுத்ததில் மறந்தால், ஐந்தாம் படியில் சொன்ன கலப்படம் ஆய்வு அறிக்கைக்குள்ளேயே நடந்துவிடும். ஆய்வின்போது குழு சுட்டிக்காட்டிய பிழையைத் திருத்தவே நாடு மறுசமர்ப்பிப்பு செய்தால் மட்டும் நிலைமை வேறு. அப்போது அந்த வகையின் பழைய எண், புதிய எண் இரண்டையும் தந்து, பிரச்சினை தீர்ந்ததா என்று எழுதி, போக்குப் பகுதி முழுவதையும் ஒரே மூச்சில் புதிய பதிப்புக்கு மாற்றுங்கள்.

வரைவு நாட்டிடம் கருத்துக்குப் போகும், ஒரு மாத அவகாசம் உண்டு. நெகிழ்வு பெறும் நாடுகளுக்கு அது மூன்று மாதம் வரை நீளலாம். இந்த இடைவெளியில் இன்னொரு ஏப்ரல் 15 கடந்துபோனால், "அண்மைய எண்களைச் சேருங்கள்" என்று நாடு கேட்பது இயல்பு. நிறுத்த நாளைக் காட்டி மறுக்கலாம். அந்தப் புதிய சமர்ப்பிப்பு இருக்கிறது என்பதை ஓர் அடிக்குறிப்பில் தேதியோடு குறித்துவிட்டால், அடுத்த ஆய்வுக் குழு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று தேட வேண்டியிருக்காது.